மருத்துவப் படிமக் கருவி பழுதுநீக்குநர்

மருத்துவப் படிமக் கருவி பழுதுநீக்குநர் என்பவர், உடலின் உட்புறத்தைப் படமாகக் காட்டும் கருவிகளை நிறுவுதல், அளவுதிருத்தம் செய்தல், பராமரித்தல், பழுதுநீக்குதல் ஆகிய பணிகளைச் செய்யும் தொழில்நுட்பப் பணியாளர் ஆவார். எக்ஸ்-ரே என்று பரவலாக அறியப்படும் ஊடுகதிர்க் கருவி, சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. ஸ்கேன், மீயொலி ஸ்கேன், மார்பகப் படக்கருவி, அறுவை அரங்கில் பயன்படும் சி-ஆர்ம் ஆகியவை இவரது பணிக்குள் அடங்கும். பேச்சு வழக்கில் இவர் சர்வீஸ் எஞ்சினியர் என்றும், மருத்துவமனையின் சொந்தப் பணியாளராயின் பயோமெடிக்கல் எஞ்சினியர் என்றும் அழைக்கப்படுகிறார்.

இப்பணியைக் கதிர்ப்பட நுட்பரின் பணியுடன் குழப்பிக்கொள்வது உண்டு. நோயாளியைக் கருவியில் கிடத்திப் படம் எடுப்பவர் கதிர்ப்பட நுட்பர். படத்தைப் படித்து அறிக்கை எழுதுபவர் கதிரியல் மருத்துவர். பழுதுநீக்குநர் பெரும்பாலும் நோயாளியைக் காண்பதே இல்லை. ஆனால் அவர் செய்த அளவுதிருத்தம் தவறினால் மற்ற இருவரும் தவறான படத்தை நம்பி முடிவெடுக்க நேரிடும்.

சென்னையின் தென்புறநகர்ப் பகுதி இத்தொழிலை அறிந்துகொள்ள ஏற்ற இடமாகும். செங்கல்பட்டு மாவட்டத்தில், ராஜீவ் காந்தி சாலை எனப்படும் பழைய மாமல்லபுரம் சாலையும் வண்டலூர் சாலையும் கோவளம் சாலையும் கூடும் இடத்தில் கேளம்பாக்கம் அமைந்துள்ளது. இங்கு செட்டிநாடு மருத்துவமனை மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. வடக்கே பெரும்பாக்கம், பள்ளிக்கரணை, மேற்கே தாம்பரம், குரோம்பேட்டை எனப் பெரிய மருத்துவமனைகளும் எண்ணற்ற சிறு ஸ்கேன் மையங்களும் உள்ளன.

வரலாற்றுப் பின்னணி

வில்லெம் ரோண்ட்கன் 1895 நவம்பரில் ஊடுகதிரைக் கண்டறிந்தார். சென்னையில் அரசு பொது மருத்துவமனை வளாகத்தில் பர்னார்டு கதிரியல் நிறுவனம் 1934 இல் திறக்கப்பட்டது. தென்புறநகரைப் பொறுத்தவரை, மருத்துவர் டேவிட் சௌரிமுத்து 1928 இல் தாம்பரத்தில் தொடங்கிய காசநோய் நலவிடுதி முதன்மையானது. 1937 இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக உள்ளது. அப்பகுதிக்குச் சானடோரியம் என்ற பெயரும், அங்குள்ள தொடர்வண்டி நிலையத்தின் பெயரும் அதிலிருந்தே வந்தன. காசநோய் மருத்துவத்தில் மார்பு ஊடுகதிர்ப்படத்திற்கு உள்ள இடத்தைச் சொல்லத் தேவையில்லை.

கோட்பிரீ ஹவுன்சுபீல்டு உருவாக்கிய சி.டி. ஸ்கேன் கருவியில் 1971 அக்டோபர் 1 அன்று இலண்டனில் முதல் நோயாளி படமெடுக்கப்பட்டார். இக்கருவி வந்தபின் பழுதுநீக்குநரின் பணி இரண்டாகப் பிரிந்தது எனலாம். அதுவரை அவர் மின்மாற்றி, உயர் மின்னழுத்தக் கம்பி, பட்டை, கப்பி ஆகியவற்றோடு மட்டும் பழகியவர். அதன்பின் கணினியும் கற்க வேண்டியதாயிற்று. எண்முறைப் படங்கள் பரவும் வரை, அவரது நேரத்தில் பெரும்பகுதியை இருட்டறையில் உள்ள படச்சுருள் கழுவும் தானியங்கி எடுத்துக்கொண்டது. உருளைகளில் படிந்த வேதிப்பொருளைச் சுரண்டுவதும், கரைசலின் வெப்பநிலையைச் சரிபார்ப்பதும் அன்றாட வேலை. அவ்வேலை இன்று ஏறத்தாழ மறைந்துவிட்டது. அதற்காக வருந்துபவர்கள் அதிகமிருக்க வாய்ப்பில்லை.

கருவிகளும் அவற்றின் பழுதுகளும்

ஊடுகதிர்க் கருவி

ஊடுகதிர்க் குழாயில் சூடான இழையிலிருந்து வெளிப்படும் மின்னணுக்கள், பல்லாயிரம் வோல்ட்டு மின்னழுத்தத்தால் உந்தப்பட்டு டங்குசுடன் நேர்மின்வாயை மோதுகின்றன. மோதும் ஆற்றலில் ஏறத்தாழ 1 விழுக்காடே கதிராக மாறுகிறது. எஞ்சியது முழுதும் வெப்பம். ஆகையால் ஊடுகதிர்க் கருவியின் பழுதுகளில் பெரும்பாலானவை வெப்பத்தின் கதையே. நேர்மின்வாய்த் தட்டு ஒரே இடத்தில் உருகிவிடாமலிருக்க நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழல்கிறது. அதன் தாங்கிகள் தேய்ந்தால் உலோகம் உரசும் ஓசை கேட்கும். இழை மெலிந்து அறுந்துபோகலாம். வெற்றிடம் கெட்டால் குழாய்க்குள் மின்பொறி பாயும். காலையில் முதல் படத்திற்கு முன் குறைந்த அளவில் சில தடவை இயக்கிக் குழாயைச் சூடேற்ற வேண்டும் என்ற விதியைப் பல மையங்கள் அவசரத்தில் கைவிடுகின்றன. குளிர்ந்த தட்டின்மேல் திடீரெனப் பெருஞ்சுமை விழுந்தால் அது வெடிப்பு விடும்.

பொதுமக்களிடம் உள்ள ஒரு தவறான எண்ணத்தை இங்கே சுட்டலாம். மின்சாரம் நிறுத்தப்பட்ட ஊடுகதிர்க் கருவியிலிருந்து கதிர் எதுவும் வெளிவராது. அதனுள் கதிரியக்கப் பொருள் இல்லை. பழுதுநீக்குநருக்கு அந்நேரத்தில் உள்ள ஆபத்து வேறு. மின்தேக்கிகளில் சேர்ந்த மின்னூட்டம் இணைப்பைத் துண்டித்த பின்பும் தங்கியிருக்கும். நிலத்தோடு இணைத்த கோலால் அதனை வெளியேற்றிய பிறகே உள்ளே கை வைக்க வேண்டும்.

சி.டி. ஸ்கேன்

சி.டி. கருவியின் வளையத்திற்குள் ஊடுகதிர்க் குழாயும் உணரிகளும் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகின்றன. சுழலும் பகுதிக்கு மின்சாரம் செல்வது நழுவு வளையங்கள் வழியாகும். 1980களின் இறுதியில் இவை புகுந்த பின்னரே நிற்காமல் ஒரே திசையில் சுழன்று சுருள் வடிவில் படமெடுப்பது இயன்றது. பல கருவிகளில் வளையத்தின்மேல் கரித் தூரிகைகள் உரசிக்கொண்டே இருக்கும். அவை தேயத் தேயக் கரித்தூள் படியும். அத்தூளை உறிஞ்சியெடுக்காமல் விட்டால் மின்கசிவும் தரவு இழப்பும் ஏற்படும். பல இலட்ச ரூபாய் மதிப்புள்ள உதிரிப்பாகம் வேண்டும் என்று எண்ணப்பட்ட பழுது, அரைமணி நேரத் துப்புரவில் நீங்குவது இத்துறையில் அரிதன்று.

படமே பழுதைச் சொல்லும் என்பது சி.டி. கருவியின் சிறப்பு. படத்தில் நடுவிலிருந்து வட்டமாக ஒரு கோடு தெரிந்தால், உணரிகளில் ஒன்று மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்று பொருள். கீற்றுகள் தெரிந்தால் குழாயில் மின்பொறி பாய்ந்திருக்கலாம். நோயாளி அசைந்திருக்கவும் கூடும். சோதனைக்கு நீர் நிரப்பிய உருளை பயன்படுகிறது. ஹவுன்சுபீல்டு அலகில் நீரின் மதிப்பு 0, காற்றின் மதிப்பு -1000. நீர் 0 காட்ட வேண்டிய இடத்தில் வேறு எண் வந்தால், சிறுநீரகத்தில் தெரிவது நீர்க்கட்டியா திண்மக் கட்டியா என்று மருத்துவர் முடிவு செய்வதற்கே அடிப்படை ஆட்டம் காணும்.

குழாய் மாற்றுவது இக்கருவியில் மிகப் பெரிய வேலை. கனமான குழாயைச் சிறு பளுதூக்கி கொண்டு இருவர் இறக்கி, புதியதை ஏற்றி, கதிரின் குவியத்தை உணரிகளோடு நேர்ப்படுத்தி, சுழற்சிச் சமநிலையைச் சரிபார்த்து, மீண்டும் முழு அளவுதிருத்தம் செய்ய வேண்டும். மூடியைப் பூட்டும் முன் கருவிப் பெட்டியில் உள்ள திருப்புளிகளை எண்ணிப் பார்ப்பது நல்ல பழக்கம். அவ்வேகத்தில் சுழலும் வளையத்திற்குள் மறந்துவிடப்பட்ட ஒரு திருப்புளி எறிபொருளாகிவிடும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன்

இக்கருவியில் ஊடுகதிர் இல்லை. நயோபியம்-டைட்டானியக் கம்பிச் சுருள், மைனஸ் 269 பாகை செல்சியசில் உள்ள நீர்ம ஹீலியத்தில் மூழ்கி மீகடத்தியாக இருக்கிறது. பரவலாகப் புழங்கும் 1.5 டெசுலா கருவியின் காந்தப்புலம் புவியின் காந்தப்புலத்தைப் போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. அது இரவும் பகலும், மின்சாரம் நின்றாலும், நீங்காமல் இருக்கும். வழமையான காந்தம் ஒன்றில் ஆயிரம் லிட்டருக்கும் மேல் ஹீலியம் உண்டு. சில லிட்டர் ஹீலியத்தை மூடிய கலத்தில் அடைத்த புதிய வகைக் காந்தங்கள் 2018 முதல் விற்பனைக்கு வந்துள்ளன.

ஹீலியம் கொதித்து வீணாகாமல் காப்பது குளிர்த்தலை என்னும் உறுப்பு. எம்.ஆர்.ஐ. அறையில் படம் எடுக்காத நேரத்திலும் கேட்கும் சீரான ‘சிக்-சிக்’ ஒலி அதனுடையதே. பழகிய பழுதுநீக்குநர் அறைக்குள் நுழைந்ததும் முதலில் செவிமடுப்பது இவ்வொலியைத்தான். அவ்வொலி நின்றிருந்தால் அழுத்தியோ, அதனைக் குளிர்விக்கும் நீர்க் குளிர்விப்பானோ நின்றுவிட்டது என்று பொருள். அந்நிலை நீடித்தால் ஹீலியம் மெல்ல ஆவியாகும். அளவு மிகவும் குறைந்தால் சுருள் மீகடத்து தன்மையை இழந்து, எஞ்சிய ஹீலியம் முழுதும் சில நிமிடங்களில் கொதித்து வெளியேறும். நீர்மம் வளியாகும்போது அதன் பருமன் 700 மடங்குக்கும் மேல் பெருகுவதால், கூரைக்கு மேலே செல்லும் வெளியேற்றுக் குழாய் அடைபட்டிருந்தால் அறையிலுள்ள ஆக்சிசன் இடம்பெயர்ந்து மூச்சுத்திணறல் உண்டாகும். அக்குழாயின் வாயில் பறவைகள் கூடு கட்டாமல் பார்த்துக்கொள்வதும் பராமரிப்பில் அடங்கும். இந்தியா தனது ஹீலியத் தேவையை இறக்குமதியால் நிறைவு செய்வதால், ஒரு முறை நிகழும் இழப்பே மருத்துவமனைக்குப் பெருஞ்செலவாகிறது.

எம்.ஆர்.ஐ. அறை முழுதும் செப்புத் தகட்டால் போர்த்தப்பட்டது. வெளியிலிருந்து வரும் வானொலி அலைகள் உள்ளே நுழைந்தால் படத்தில் பல்லிணைப்புப் போன்ற ஒரு கோடு விழும். கதவின் விளிம்பில் உள்ள மெல்லிய செப்பு விரல்கள் நாள்தோறும் நூறு முறை திறந்து மூடுவதால் வளைந்து போகின்றன. கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள கருவியின் படம் கெடுவதற்கு இவ்விரல்களில் நான்கு ஒடிந்திருப்பதே காரணமாகலாம்.

மீயொலி ஸ்கேன்

எண்ணிக்கையில் மிகுதியானவை மீயொலிக் கருவிகளே. இவற்றில் பழுதாவது பெரும்பாலும் கையில் பிடிக்கும் ஆய்வுமுனை. தரையில் விழுந்து படிகங்கள் உடைதல், தள்ளுவண்டியின் சக்கரம் ஏறிக் கம்பி நசுங்குதல், எலி கடித்தல் ஆகியவை வழக்கமான காரணங்கள். உடைந்த படிகத்திற்கு நேராகப் படத்தில் கறுப்புப் பட்டை ஒன்று தெரியும். விசிறியின் தூசு வடிகட்டியை மாதந்தோறும் கழுவினாலே எஞ்சிய பழுதுகளில் பலவற்றைத் தவிர்க்கலாம்.

பழுதறியும் முறை

பாகத்தை மாற்றுவது எளிது, எதை மாற்றுவது என்று அறிவதே கடினம் என்பர் இத்துறையினர். கருவியின் பிழைப் பதிவேட்டைப் படித்தல், சோதனைப் பொருளைப் படமெடுத்தல், ஐயத்திற்குரிய மின்சுற்றுப் பலகையை இடம் மாற்றிப் பழுதும் உடன் நகர்கிறதா எனப் பார்த்தல் ஆகியவை பொதுவான வழிகள். தற்காலக் கருவிகள் இணையம் வழியாக உற்பத்தி நிறுவனத்தோடு இணைக்கப்பட்டிருப்பதால், பழுதுநீக்குநர் புறப்படும் முன்பே தொலைவிலிருந்து பதிவேடு படிக்கப்படுகிறது. ஆயினும் பதிவேடு கூறும் பிழை, பழுதின் விளைவாக இருக்கலாமே தவிர மூலமாக இருக்க வேண்டும் என்பதில்லை. சுவரில் உள்ள மின்னிணைப்பின் தளர்ந்த திருகாணி ஒன்று பத்து வெவ்வேறு பிழை எண்களைத் தோற்றுவிக்க வல்லது. ஆகவே மின்னழுத்தம், நில இணைப்பு, அறையின் வெப்பநிலை, ஈரப்பதம் ஆகிய நான்கையும் பார்த்த பின்னரே கருவியைத் திறப்பது முறையாகும்.

தென்சென்னைப் புறநகரின் சிறப்புச் சூழல்

கேளம்பாக்கத்திற்கும் கோவளத்திற்கும் இடையில் உப்பளங்களும் கழிமுகமும் உள்ளன. கடற்காற்றில் உள்ள உப்பு, கட்டடத்திற்கு வெளியே நிற்கும் குளிர்விப்பான்களின் அலுமினியத் தகடுகளையும் செப்புக் குழாய்களையும் அரிக்கிறது. உள்நாட்டு ஊர்களோடு ஒப்பிட, கடலோரத்தில் இவற்றை அடிக்கடி நன்னீரால் கழுவ வேண்டும். ஸ்கேன் கருவிக்குள் உப்பு செல்லாது. ஆனால் குளிர்விப்பான் நின்றால் கருவியும் நிற்கும். கோடைக்காலத்தில் ‘எம்.ஆர்.ஐ. பழுது’ என்று வரும் அழைப்புகளுக்குப் பின்னால் குளிர்சாதனக் கோளாறு இருக்கும் வாய்ப்பை முதலில் ஆராய்வது இதனாலேயே.

மழைக்காலம் மற்றொரு சோதனை. எடை மிகுந்த கருவிகள் என்பதால் சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் பெரும்பாலும் தரைத்தளத்திலோ அடித்தளத்திலோ நிறுவப்படுகின்றன. அங்கேதான் வெள்ளமும் முதலில் புகுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், மேற்குத் தாம்பரம், வேளச்சேரி முதலிய பகுதிகள் நீரில் மூழ்கின. 2016 டிசம்பர் 12 அன்று கரைகடந்த வர்தா புயலால் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2023 டிசம்பரில் மிச்சாங் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகள் நீர் சூழ்ந்திருந்தன. இத்தகைய நாள்களில் படமெடுப்பது நின்றாலும் எம்.ஆர்.ஐ.யின் குளிர்த்தலைக்கு மட்டுமாவது மின்னாக்கி வழியே மின்சாரம் கொடுக்க வேண்டும். எனவே டீசல் இருப்பு எவ்வளவு என்பதும் பழுதுநீக்குநர் கேட்கும் கேள்விகளில் ஒன்றாகிறது. சி.டி. கருவி நீர்மட்டத்திற்கு மேலே தப்பியிருந்தாலும், தரையடிக் கால்வாய்களில் ஓடும் கம்பிகள் நனைந்திருக்கும். அவற்றை உலர்த்தி மின்காப்பை அளந்த பிறகே மின்சாரம் கொடுக்கலாம்.

சிறு மின்னணு உறுப்புகளுக்கு அண்ணாசாலையை ஒட்டிய ரிச்சி தெரு உதவுகிறது. விசிறி, மின்தேக்கி, இணைப்பி போன்றவை அங்கு கிடைக்கும். ஊடுகதிர்க் குழாயோ உணரிப் பலகையோ அங்கு கிடைக்காது. அவை நிறுவனக் கிடங்கிலிருந்து, சில வேளை வெளிநாட்டிலிருந்து, வானூர்தி வழியே வர வேண்டும்.

பாதுகாப்பும் சட்டங்களும்

இந்தியாவில் கதிர்வீச்சுக் கருவிகளை 1983 இல் நிறுவப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கண்காணிக்கிறது. 1962 ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டமும் 2004 ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளும் இதற்கு அடிப்படையாக அமைந்தன. கதிர்ப் பணியாளர் ஒருவர் பெறும் கதிரேற்பு, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டையும், எந்த ஒரு தனி ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்டையும் மீறக்கூடாது. இதனை அளக்க நெஞ்சில் அணியும் சிறு வில்லை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஆய்வகத்திற்கு அனுப்பப்படுகிறது. கருவிகளுக்குக் குறித்த கால இடைவெளியில் தரச்சோதனை கட்டாயம். குழாய் மாற்றம் போன்ற பெரும் பழுதுநீக்கத்திற்குப் பின்னும் அச்சோதனை தேவை. ‘படம் வந்துவிட்டது, நோயாளியை ஏற்றுங்கள்’ என்ற அவசரத்திற்கு எதிராகப் பழுதுநீக்குநர் உறுதியாக நிற்க வேண்டிய இடம் இதுவாகும்.

அயனியாக்கும் கதிர் இல்லாததால் எம்.ஆர்.ஐ. இவ்வாரியத்தின் வரம்பில் வராது. ஆனால் உயிராபத்து அதில் குறைவன்று. 2018 சனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில் ஆக்சிசன் உருளையுடன் எம்.ஆர்.ஐ. அறைக்குள் சென்ற உறவினர் ஒருவர் காந்தத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். 2014 இல் நவி மும்பையில் நிகழ்ந்த விபத்தில், உருளைக்கும் கருவிக்கும் இடையில் சிக்கிய இருவர் காந்தத்தை உடனே செயலிழக்கச் செய்ய இயலாமல் ஏறத்தாழ நான்கு மணி நேரம் தவித்தனர். சுவரில் உள்ள அவசர நிறுத்தப் பொத்தான் ஆண்டுக்கணக்கில் பயன்படாமலே இருக்கும். அதன் இணைப்பு உயிரோடு உள்ளதா என்று ஒவ்வொரு பராமரிப்பின்போதும் சோதிப்பது எவரும் பாராட்டாத, ஆனால் விட்டுவிட முடியாத வேலை.

மீயொலிக் கருவிகளுக்குத் தனிச் சட்டம் உண்டு. பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவு பெறாத மையத்திற்கு மீயொலிக் கருவியை விற்பதோ வாடகைக்குக் கொடுப்பதோ குற்றமாகும். பழுதான கருவிக்கு மாற்றாக ஒன்றைச் சில நாள்களுக்கு வைத்துவிட்டு வருவது, மற்றக் கருவிகளில் இயல்பான உதவி. இங்கே அதற்கு அதிகாரிகளுக்கு முறையான அறிவிப்பு வேண்டும்.

ஒப்பந்தங்களும் பூட்டுகளும்

உத்தரவாதக் காலம் முடிந்த பின் இருவகை ஆண்டு ஒப்பந்தங்கள் வழக்கில் உள்ளன. ஏ.எம்.சி. என்பதில் உழைப்பு மட்டும் அடங்கும், சி.எம்.சி. என்பதில் உதிரிப்பாகங்களும் அடங்கும். சி.டி. குழாய், ஹீலியம், ஆய்வுமுனை ஆகிய மூன்றும் எப்பிரிவில் வருகின்றன என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் படிக்காத மருத்துவமனைகள் பின்னர் இடர்ப்படுகின்றன.

உற்பத்தி நிறுவனங்களைச் சாராத தனிப் பழுதுநீக்குநர்கள் குறைந்த கட்டணத்தில் பணிபுரிகின்றனர். ஆனால் புதிய கருவிகளில் அளவுதிருத்த மென்பொருள் கடவுச்சொல்லாலோ மின்னணுச் சாவியாலோ பூட்டப்பட்டுள்ளது. சரியான உதிரிப்பாகத்தைப் பொருத்திய பின்னும், பூட்டைத் திறக்க இயலாமல் கருவி நின்றுகொண்டிருக்கும். பாதுகாப்பிற்காகவே பூட்டு என்பது நிறுவனங்களின் வாதம். பூட்டுவது பாதுகாப்பையா சந்தையையா என்பது எதிர்வாதம். பயிற்சியற்றவர் கை வைத்தால் ஆபத்து என்பது உண்மையே எனினும், பயிற்சிக் குறிப்பேடுகளையே மறுப்பதற்கு அது விடையாகாது. அமெரிக்காவில் மருத்துவக் கருவிகளைப் பழுதுநீக்குவதற்காக இத்தகைய பூட்டுகளைத் திறக்க 2021 இல் பதிப்புரிமைச் சட்ட விலக்கு அளிக்கப்பட்டது. இந்தியாவில் 2022 இல் பழுதுநீக்கும் உரிமை குறித்து அமைக்கப்பட்ட குழு வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் ஆகியவற்றையே முதன்மையாக எடுத்துக்கொண்டது.

அரசு மருத்துவமனைகளில்

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளுக்கான கருவிக் கொள்முதலையும், சி.டி., எம்.ஆர்.ஐ. மையங்களையும் 1994 இல் தோற்றுவிக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் கவனிக்கிறது. நடுவண் அரசு 2015 இல் தொடங்கிய உயிர்மருத்துவக் கருவிப் பராமரிப்புத் திட்டம், மாவட்ட மருத்துவமனைகளில் கருவிகள் 95 விழுக்காடு நேரமும், சமுதாய நல மையங்களில் 90 விழுக்காடும், ஆரம்பச் சுகாதார நிலையங்களில் 80 விழுக்காடும் இயங்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. 95 விழுக்காடு என்பது கேட்க உயர்வாகத் தோன்றினும், ஆண்டில் 18 நாள்கள் கருவி நிற்கலாம் என்பதே அதன் பொருள். 80 விழுக்காட்டில் அது 73 நாள்கள். ஒரே சி.டி. கருவி உள்ள மருத்துவமனையில், அந்நாள்களில் பக்கவாதத்தோடு வருபவரை வேறு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். மூளையில் அடைப்பா குருதிக்கசிவா என்று படமெடுத்து அறியாமல் குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்க இயலாது. அம்மருந்துக்கு உள்ள கால எல்லையோ நாலரை மணி நேரம்.

கல்வியும் பயிற்சியும்

உயிர்மருத்துவப் பொறியியல், மின்னணுவியல், கருவியியல் ஆகியவற்றில் பட்டமோ பட்டயமோ பெற்றவர்கள் இத்துறைக்கு வருகின்றனர். கேளம்பாக்கத்தை ஒட்டிய காலவாக்கத்தில் உள்ள எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியில் உயிர்மருத்துவப் பொறியியல் கற்பிக்கப்படுகிறது. எனினும் கல்லூரியில் சி.டி. கருவி ஒன்றைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு மாணவருக்கு அரிதே. உண்மையான பயிற்சி, மூத்தவர் ஒருவருடன் இரண்டு மூன்று ஆண்டுகள் கருவிப் பெட்டியைச் சுமந்து செல்வதில் தொடங்குகிறது. பகலில் நோயாளிகள் காத்திருப்பதால் திட்டமிட்ட பராமரிப்பு பெரும்பாலும் இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் நடைபெறும். பணியில் சேர விரும்பும் மாணவர்கள் இதனை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.